பழைய லாரிகள் என்ன பாவம் செய்தன?

டொரண்டோவிலும் ஆஸ்லோவிலும் குடியேறிய நம்மவர்கள் கார் வாங்கப் போனால் மறக்காமல் விசாரிக்கும் வசதிகளில் ஒன்று, சூடாகும் ஸ்டீயரிங். ஜனவரி மாதத்தில் இரவெல்லாம் வெளியே நின்ற காரின் ஸ்டீயரிங்கை வெறுங்கையால் தொட முடியாது. விரல் மரத்துப்போகும். அதற்காக, ஸ்டீயரிங்கின் தோலுறைக்கு அடியில் மெல்லிய மின்கம்பியை ஓடவிட்டு, உடல் சூட்டை ஒட்டிய அளவில் வைத்திருக்கிறார்கள். சூடு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளேயே ஒரு சென்சார் இருக்கும். இந்த வசதி இல்லாத காரை வாங்கியவர்கள், பின்னால் பணம் செலவழித்துப் பொருத்திக்கொள்வதும் உண்டு.

அந்த வேலை லேசானதல்ல. ஸ்டீயரிங் சுழலும்போது வயர்கள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, அடியில் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா ஒன்று இருக்கிறது. ஹாரன், ஏர்பேக், ஆடியோ பட்டன் எல்லாவற்றுக்கும் இணைப்பு அதன் வழியாகத்தான் போகிறது. சூடேற்றும் கம்பிக்குக் கூடுதல் இணைப்புகள் உள்ள கிளாக் ஸ்பிரிங் வேண்டும். தனி ஃபியூஸ், தனி சுவிட்ச் வேண்டும். பல கார்களில் கணினியை இணைத்து அந்த வசதியைத் திறந்துவிடவும் வேண்டும். ஏர்பேக்கைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஏர்பேக் முகத்துக்கு நேரே வெடிக்கக்கூடும். பயிற்சி இல்லாத கையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

இத்தனை சிரமம் எதற்கு? மரத்துப்போன விரல் ஸ்டீயரிங்கைச் சரியாகப் பிடிக்காது. தடித்த கையுறை போட்டால் பிடி வழுக்கும். ஓட்டுகிறவரின் உடல் நிலையாக இருந்தால்தான் வண்டி நிலையாக ஓடும் என்பது அந்த நாடுகளில் பாதுகாப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்தக் கணக்கை நம் ஊர் லாரி கேபினுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அங்கே குளிர், இங்கே வெயில். உடல் எங்கேயும் ஒன்றுதான்.

மேட்டுப்பாளையத்து மதியம்

இது மலை ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம் அல்ல. புதுச்சேரி நகரின் மேற்கே இருக்கும் மேட்டுப்பாளையம். புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான பிப்டிக்கின் தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் இருக்கும் இடம். திண்டிவனம், விழுப்புரம், கடலூர் சாலைகளில் வரும் லாரிகள் சரக்கு இறக்கவும் ஏற்றவும் இந்தப் பக்கம் திரும்புகின்றன. தொழிற்சாலை கேட் முன்னால், முனையத்துக்குள், சாலை ஓரத்தில் என்று வரிசை கட்டி நிற்கின்றன. தமிழ்நாட்டு எண், ஆந்திர எண், மகாராஷ்டிர எண் என்று பல ஊர் வண்டிகளை ஒரே வரிசையில் பார்க்கலாம்.

சித்திரை, வைகாசி மதியத்தில் அந்த வண்டிகளில் ஒன்றின் கதவைத் திறந்து ஏறிப் பார்த்தவருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கைப்பிடி சுடும். ரெக்சின் சீட் சுடும். டிரைவர் முதலில் துண்டை நனைத்து ஸ்டீயரிங் மேல் போடுவார். சிறிது நேரம் கழித்து அதே துண்டால் வளையத்தைத் துடைத்துவிட்டுத்தான் கையை வைப்பார். சில வண்டிகளில் ஸ்டீயரிங்கைச் சுற்றி வண்ண வண்ணப் பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருப்பார்கள். பார்க்க அழகுக்காகச் செய்தது போல இருக்கும். சூடான வளையத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஏதாவது ஒன்று வேண்டும் என்ற தேவையும் அதில் இருக்கிறது. ஒழுங்காக இறுக்கிப் பின்னாத உறை, திருப்பத்தில் வளையத்தின் மேல் நழுவும். முழு லோடோடு வரும் லாரியில் அந்த ஒரு நழுவல் போதும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்பதை அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில், ஒரே ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியைத் தொட்டது. ஸ்டீயரிங் 53 டிகிரி. இருக்கை 51 டிகிரி. நிழலில் நின்ற கார்களில் ஸ்டீயரிங் சுமார் 42 டிகிரியோடு நின்றுகொண்டது. நிழல் மட்டுமே பதினோரு டிகிரியைக் குறைத்திருக்கிறது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அது காரில் எடுத்த அளவு. லாரியில் இன்னொரு சூடும் சேர்கிறது. நம் ஊர் லாரிகள் பலவற்றில் டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே, கேபினுக்குள்ளேயே இன்ஜினின் மேல்மூடி இருக்கும். பானட் என்பார்கள். ஓடும் இன்ஜினின் தண்ணீர் 80, 90 டிகிரிச் சூட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு பானட் தகரம் வழியாக டிரைவரின் இடது காலுக்கு வருகிறது. கியர் ராடு மேலே வரும் ஓட்டையில் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதன் வழியாகச் சூடும் டீசல் வாடையும் நேராக உள்ளே ஏறும். முன்பக்கம் பெரிய கண்ணாடி வழியாக வெயில். மேலே ஒற்றைத் தகரக் கூரை.

புதுச்சேரி கடலோர ஊர் என்பதால் இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஈரம் அதிகம். சூட்டில் மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கும் முக்கியமான வழி வியர்வை. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைத் தாண்டிவிட்டால், ஃபேன் போட்டாலும் சூடான காற்றுதான் மேலே படும். காற்றில் ஈரமும் கூடியிருந்தால் வியர்வை வழியுமே தவிர உடம்பு குளிராது. கேபினுக்குள் குட்டி ஃபேன் ஒன்றை மாட்டிவிட்டு டிரைவருக்கு வசதி செய்துவிட்டதாக நினைக்கும் முதலாளிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூட்டில் வேலை செய்கிறவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைப் பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருகிறார். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் அவர் குழு நடத்திய ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. லாரி டிரைவர் உப்பளத்தில் நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் குறைவாகக் குடிப்பது, இறங்கிப் போக இடமில்லாமல் சிறுநீரை அடக்குவது, மணிக்கணக்கில் வியர்ப்பது என்ற மூன்றும் இவர்களுக்கும் பொருந்துகின்றன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது.

2025 அக்டோபர் 1

லாரி கேபினுக்கு ஏ.சி. வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. 2023 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, லாரி டிரைவர்கள் 43 முதல் 47 டிகிரி வெயிலில் ஓட்டுகிறார்கள், அவர்கள் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பொதுமேடையில் பேசினார். விலை கூடிவிடும் என்று சிலர் எதிர்த்ததையும் அவரே சொன்னார். அடுத்த மாதம் வரைவு அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரி 1 முதல் என்று முதலில் சொன்னார்கள். 2023 டிசம்பரில் வந்த இறுதி அறிவிப்பு, தேதியை 2025 அக்டோபர் 1 என்று தள்ளி வைத்தது. அன்று முதல் தயாராகும் என்-2, என்-3 வகை சரக்கு வாகனங்களின் கேபினில் ஏ.சி. கட்டாயம். என்-2 என்றால் மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல், 12 டன் வரை. அதற்கு மேல் போனால் என்-3.

நல்ல சட்டம். மனதாரப் பாராட்ட வேண்டிய சட்டம். ஆனால் அதில் ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: "தயாராகும்." 2025 செப்டம்பர் 30 வரை தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த லாரிகளை இந்த விதி தொடவில்லை. லாரி என்பது இரண்டு வருடத்தில் மாற்றும் பொருள் அல்ல. முதல் முதலாளி சில ஆண்டுகள் ஓட்டி விற்பார். இரண்டாவது முதலாளி லோக்கலில் ஓட்டுவார். மூன்றாவது கைக்கும் போகும். மேட்டுப்பாளையம் வரிசையில் இன்று நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தத் தேதிக்கு முந்தியவை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் சேசிஸ் மேல் கேபின் கட்டிய பழைய வண்டிகளும் அதில் உண்டு. அந்த டிரைவர்களுக்கு எந்தச் சட்டமும் ஏ.சி. தரவில்லை. வண்டி ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போகும் வரை, இன்னும் பத்துப் பதினைந்து கோடைகளை அவர்கள் இப்படியேதான் கழிக்க வேண்டியிருக்கும்.

பழையதில் பொருத்த முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரயில் இன்ஜின் ஓட்டுநர் அறைக்குள் சூடு தாங்கவில்லை என்று லோகோ பைலட்டுகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். இப்போது ரயில்வே, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின்களிலும் ஏ.சி. பொருத்தி வருகிறது. அரசின் வண்டியில் முடிந்தது தனியார் வண்டியிலும் முடியும்.

ஓடும் வண்டி, நிற்கும் வண்டி

சட்டத்தைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. ஏ.சி. என்றால் எல்லோரும் ஓடும் லாரியைத்தான் நினைக்கிறார்கள். லாரி டிரைவரை மோசமாக வாட்டும் சூடு, வண்டி நிற்கும்போதுதான். ஓடும்போது ஜன்னல் வழியாகக் காற்றாவது வரும். லோடு இறக்க முறை வரும்வரை தொழிற்சாலை வாசலில் நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று காத்திருக்கும்போது அதுவும் இல்லை. கீழே இறங்கி உட்கார நிழல் இல்லையென்றால் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். மற்றொரு டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்பதை எழுதவே கை நடுங்குகிறது.

இரவிலும் இதே நிலைதான். கேபினுக்குள் தூங்கித்தான் ஆக வேண்டும். சரக்குக்கும் டீசலுக்கும் காவல் அவர்தான். ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். சரியாகத் தூங்காத அந்த மனிதர்தான் விடிந்ததும் இருபது டன்னை இழுத்துக்கொண்டு திண்டிவனம் சாலையில் ஏறுகிறார். சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ் லைஃப் அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இந்திய லாரி டிரைவர் ஒரு நாளில் சராசரியாக 12 மணி நேரம், 417 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று தெரியவந்தது. களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டுவதாகப் பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வா என்று உறவினரையோ நண்பரையோ அழைக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் 84 சதவீதம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. சாலையில் அதை யார் பார்த்தார்கள்? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் தூக்கமும் சூடும் எத்தனை உயிரைக் கொண்டுபோயின என்று தனியாக எழுதி வைப்பார் இல்லை.

இப்போது டிரைவருக்குக் கூலி தரும் முறையைப் பார்ப்போம். பல இடங்களில் டிரைவருக்கு பேட்டாவோடு டீசல் மிச்சப்படுத்தினால் கொஞ்சம் கையில் கிடைக்கும். மைலேஜ் குறைந்தால் ஓனரிடம் பதில் சொல்ல வேண்டும். இந்த முறையில் ஓட்டுகிற டிரைவர், கேபினில் புத்தம் புது ஏ.சி. இருந்தாலும் சுவிட்சைப் போட மாட்டார். போடுகிற ஒவ்வொரு மணி நேரமும் தன் காசு என்று அவருக்குத் தெரியும். சட்டம் கருவியைக் கொடுக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளும் உரிமையை முதலாளிதான் கொடுக்க வேண்டும். ஏ.சி.க்கு ஆகும் டீசலை மைலேஜ் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். இதை எழுத்தில் சொல்லாத முதலாளியின் லாரியில் ஏ.சி. இருந்தும் பயனில்லை.

பழைய கேபினுக்கு எப்படி?

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, காரில் இருப்பது போல இன்ஜினே சுழற்றும் கம்ப்ரஸர். இன்ஜின் பக்கத்தில் பிராக்கெட் அடித்து கம்ப்ரஸரை உட்கார வைக்க வேண்டும். கிராங்க் புல்லியில் இன்னொரு பெல்ட்டுக்கு வழி வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னாலோ, கேபினுக்குப் பின்னாலோ, கூரை மேலோ கண்டென்சர் வைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கூலிங் காயிலையும் புளோயரையும் பொருத்த வேண்டும். நடுவே கேஸ் போகும் ஹோஸ். லாரி அதிர்கிற அதிர்வில் ஹோஸ் எங்கே உரசுகிறதோ அங்கே கேஸ் போய்விடும். ஆகவே கிளாம்ப் எங்கே அடிக்கிறார் என்பதைப் பார்த்தாலே மெக்கானிக்கின் கைத்திறன் தெரிந்துவிடும். வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்காமல் நேராக கேஸ் அடிக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இந்த வகை ஓடும்போது நன்றாக வேலை செய்யும். இன்ஜினை நிறுத்தினால் ஏ.சி.யும் நின்றுவிடும். அதனால் இன்ஜினை ஓடவிட்டபடி, கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரலாம். அதற்கு நிறமும் வாடையும் கிடையாது. தூங்குகிறவருக்குத் தெரியாமலே உயிர் போய்விடும்.

இரண்டாவது வழி, கூரை மேல் வைக்கும் 24 வோல்ட் மின்சார ஏ.சி. இன்ஜின் நின்றாலும் பேட்டரியில் ஓடும். காத்திருக்கும் வண்டிக்கு இதுதான் சரியான மருந்து. ஆனால் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். 40 ஆம்பியர் இழுக்கிற ஏ.சி. என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட்டில் அது 960 வாட். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பதால் வோல்ட் கூடுமே தவிர, 150 ஆம்பியர்-மணி என்பது 150-ஆகவே இருக்கும். காகிதக் கணக்கில்கூட நான்கு மணி நேரம் வராது. மறுபடி ஸ்டார்ட் ஆக மிச்சம் வைக்க வேண்டும் என்றால் இரண்டு மணி நேரம்தான் நம்பலாம். ஒரு இரவு முழுக்க ஓட வேண்டுமானால் தனி பேட்டரி வேண்டும், அதைச் சார்ஜ் செய்யும் அளவுக்கு ஆல்டர்னேட்டர் வேண்டும். வோல்ட் இறங்கினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு இல்லாத ஏ.சி.யை வாங்கவே வேண்டாம்.

வயரிங்கில் நடக்கும் ஒரு தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். 24 வோல்ட் லாரியில் பாட்டுப்பெட்டிக்கும் ஃபேனுக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் அதிகமாக இறங்கும். சார்ஜ் ஏறும்போது இன்னொன்று பொங்கும். கொஞ்ச நாளில் இரண்டும் வீணாகும். ஏ.சி. போன்ற பெரிய லோடுக்கு பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், ஆம்பியருக்கு ஏற்ற தடிமனில் வயர், ரிலே எல்லாம் வேண்டும். பழைய வயரோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டால், அது தீயைக் கேபினுக்குள் கொண்டுவந்து வைப்பதுதான்.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு அதிகச் செலவும் இல்லை. கேபினை அடைக்க வேண்டும். கதவைச் சுற்றி பீடிங் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கியர் ராடு, பெடல் ஓட்டைகளில் ரப்பர் பூட் போடுங்கள். பானட் மூடிக்கு உள்பக்கம் தீப்பிடிக்காத வெப்பத் தடுப்பு அட்டையை ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் ஆயில் கசிவைச் சரிசெய்துவிடுங்கள். ஆயில் ஊறிய பஞ்சு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். கூரைத் தகரத்துக்கு உள்ளே வெப்பத் தடுப்பு லைனிங் கொடுங்கள். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்ட நினைத்தால் விதியைப் பாருங்கள்: முன்கண்ணாடி 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்த பிறகு போலீஸ் இதை விடுவதில்லை. இவ்வளவையும் செய்த கேபினில் சின்ன ஏ.சி.யே போதும். செய்யாத கேபினில் எவ்வளவு பெரிய ஏ.சி. வைத்தாலும் சாலையைத்தான் குளிர வைக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூரையை அறுத்து ஏ.சி. வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். பின்னால் பொருத்திய மின்சாதனத்தின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு மோட்டார் இன்ஷூரன்ஸ் விதிகளில் இருக்கிறது. சொல்லாமல் விட்டு, தீ விபத்து நடந்த பிறகு கேட்டால் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம்.

காசு

ஒன்றிரண்டு லாரி வைத்துக்கொண்டு, டியூ கட்டிக்கொண்டிருக்கும் சிறு முதலாளிகள்தான் இந்தத் தொழிலில் அதிகம். டயர், டோல், டீசல், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. என்று எல்லாவற்றையும் கட்டிய பிறகு கையில் நிற்பது கொஞ்சம். அவர்களிடம் போய் ஏ.சி. வை என்று கட்டளை போட்டால் நடக்காது. அவர்களில் பலர் முன்னாள் டிரைவர்கள். அந்தச் சூட்டை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பணம்தான் பிரச்சினை.

அரசு நினைத்தால் இதற்கு வழி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி இல்லாமல் 30 லட்சம் விலையுள்ள லாரிக்கு, இந்தக் குறைப்பு மட்டும் 3 லட்சம் ரூபாய். புது லாரி வாங்குகிறவருக்கு இவ்வளவு பெரிய சலுகை கொடுத்த அரசு, பழைய லாரியில் ஏ.சி. பொருத்துகிறவருக்கும் ஒரு பங்கு கொடுத்தால் தப்பில்லை. வட்டி குறைந்த கடன் போதும். மானியம் தந்தால் இன்னும் நல்லது.

அதோடு ஒரு நடைமுறையும் வேண்டும். பெட்ரோல் காரில் சி.என்.ஜி. கிட் பொருத்துவதற்கு இன்று ஒழுங்கான வழி இருக்கிறது. சோதனை செய்து அங்கீகாரம் பெற்ற கிட், அனுமதி பெற்ற பொருத்தும் மையம், ஆர்.சி. புத்தகத்தில் பதிவு. லாரி ஏ.சி.க்கும் இதே வழியைத் திறந்துவிட வேண்டும். அப்போது முதலாளிக்கு ஆர்.டி.ஓ. பயம் இருக்காது. டேப் சுற்றும் பட்டறைகளும் குறையும். மேட்டுப்பாளையம் போன்ற இடத்தில் இத்தகைய மையம் ஒன்று வந்தால் வேலை தெரிந்த நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பும் ஆயிற்று.

நிழல் தர யாரைக் கேட்க வேண்டும்?

அங்கீகாரம், கடன், சட்டம் எல்லாம் வர நாளாகும். நிழலுக்கு நாளாகாது. வெயிலில் 53 டிகிரியாக இருந்த ஸ்டீயரிங் நிழலில் 42 என்று பார்த்தோமே, அதற்கு மின்சாரமும் வேண்டாம், கேஸும் வேண்டாம். லாரிகள் வரிசை நிற்கும் இடத்தில் கூரையும் மரமும் வேண்டும். புங்கமும் வேம்பும் நம் மண்ணில் தானாக வளர்கிற மரங்கள். குடிதண்ணீர், குளிக்க இடம், கதவு தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, படுக்க ஒரு பொது அறை. 2025 ஜூனில் சென்னை மாநகராட்சி, டெலிவரி வேலை செய்யும் இளைஞர்களுக்காக அண்ணாநகரில் ஏ.சி. ஓய்வறை திறந்தது. உணவுப் பொட்டலம் கொண்டுவருகிறவருக்குத் தேவைப்பட்ட அந்த அறை, அந்த அரிசியையும் எண்ணெயையும் லாரியில் கொண்டுவருகிறவருக்கும் தேவை. புதுச்சேரி அரசும் நகராட்சியும் பிப்டிக்கும் சேர்ந்தால் கனரக வாகன முனையத்தில் இதைச் செய்துவிடலாம். சிறிய ஊர் என்பதே இதில் வசதி. முடிவெடுப்பவரும் இடமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

தொழிற்சாலை மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் கொடுங்கள். வந்த வண்டியை மதியம் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை கேட்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். உள்ளே அழைத்து, டிரைவரையும் கிளீனரையும் உங்கள் கேன்டீனில் உட்கார வையுங்கள். உங்கள் அலுவலகத்துக் குடிதண்ணீர்க் குழாயில் அவர்களும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளட்டும்.

அக்னி நட்சத்திரம் ஆண்டுதோறும் மே 4 வாக்கில் தொடங்குகிறது. லாரி முதலாளிகளே, அதற்கு முன் பீடிங்கையும் பானட் லைனிங்கையும் மாற்றிவிடுங்கள். ஏ.சி. உள்ள வண்டி என்றால், அதற்கான டீசலை டிரைவர் கணக்கில் எழுத மாட்டோம் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.